வைரத்தில் நெளிந்த கோடு

டெல்லியில் நான் இருந்தது நாலே நாள். அந்த நாலு நாளும் எனக்குச் சோறு போட்டவனுடைய வேலைக்கு உலை வைத்துவிட்டு வந்தேன். இதைக் கடைசியில் சொன்னால் கதை கட்டுவது போல இருக்கும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். கையெழுத்து மட்டும் போடுவேன். முனியன் என்று நாலெழுத்து. ஐம்பது வயதுக்கு மேல் ராத்திரிப் பள்ளியில் பழகியது. அந்த நாலெழுத்தும் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது படுகிறது.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கருங்கல் பட்டறையில் கல் தேய்க்கிறவன் நான். அம்மிக்கல், ஆட்டுக்கல் இல்லை. பெரிய மெஷின்களுக்கு அடியில் போடுகிற கல். சிலது மேஜை அளவு, சிலது கட்டில் அளவு. ஒரு தலைமுடியை நீளவாக்கில் நூறாகக் கிழித்தால் ஒரு கீற்று எவ்வளவு தடிமன் இருக்குமோ, அந்த மேடுகூட இருக்கக்கூடாது. உள்ளங்கையைக் கல்மேல் வைத்தால் அந்தச் சூட்டுக்கே அந்த இடம் உப்பிக்கொள்ளும். அது அடங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பாதி வேலை உட்கார்ந்திருப்பதுதான். என் சம்சாரம் இருந்தவரைக்கும், "கல்லப் பாத்துக்கினு குந்தியிருக்கறதுக்கு உனுக்கு ஒரு சம்பளம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கல்லைச் சட்டத்தில் ஏற்றி வெளியூர் அனுப்புகிற அன்று மஞ்சள் துணியில் ஓர் எலுமிச்சம்பழம், ஒரு கொட்டைப்பாக்கு, ஒரு ரூபாய்க் காசு வைத்து முடிந்து, கல்லுக்கும் அதைத் தாங்குகிற இரும்புச் சட்டத்துக்கும் நடுவே பின்மூலையில் யார் கண்ணிலும் படாமல் செருகிவிடுவோம். போகிற இடத்தில் கல்லுக்குத் திருஷ்டி படக்கூடாது. பட்டறையில் மூத்தவன் கையால்தான் செருக வேண்டும். பல வருடமாக அது என் கை.

டெல்லியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஒரு கல் போயிருந்தது. லேசர் வெளிச்சத்தால் வைரத்தில் கோடு கிழிக்கிற மெஷினுக்கு அடியில் போட. அடுத்த மார்கழியில் கடிதம் வந்தது. முதலாளி கூப்பிட்டார்.

"யோவ் முனியா, உன் கல்லு ஆடுதாம்யா. வைரத்துல கோடு நெளியுதாம்."

"கல்லு ஆடாதுங்க. ஆடறது வேற எதுனா இருக்கும்."

"அத அங்க போயி சொல்லு. இந்தக் கல்லு திரும்பி வந்துச்சுன்னா அடுத்த நாலு கல்லு ஆர்டரும் போச்சு. பட்டறையில பாதிப் பேர வூட்டுக்கு அனுப்பணும்."

சரி என்று கிளம்பினேன்.

வடக்கே போகப் போக ஜன்னலுக்கு வெளியே பனியைத் தவிர ஒன்றும் இல்லை. ரயில் ஒன்பது மணி நேரம் தாமதம். எதிர் சீட்டுக் குடும்பம் பூரியும் உருளைக்கிழங்கும் கொடுத்தது. நானும் என் களி உருண்டையை நீட்டினேன். அந்த வீட்டம்மாள் அதை ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொன்ன சேகர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டிருந்தான். சேகர் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் மெஷின் ஓட்டுகிறவன். அங்கே தமிழ் தெரிந்த ஒரே ஆள் என்பதால் முதலாளி அவன் வீட்டிலேயே எனக்கு இடம் கேட்டிருந்தார். விலாசச் சீட்டை ஓர் ஆட்டோக்காரனிடம் காட்டினேன். அவன் சீட்டைப் பார்க்கவில்லை. என் வேட்டியைப் பார்த்தான். "மதராசி? அச்சா, அச்சா" என்று ஏற்றிக்கொண்டு போய் ஒரு சாக்கடை ஓரம், குடிசைகளுக்கு நடுவில் இறக்கிவிட்டுப் போயே போய்விட்டான்.

குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பொம்பளை என்னைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினாள்.

"யார் வூட்டுக்கு வந்த பெரியவரே?"

சீட்டைக் கொடுத்தேன். பக்கத்தில் படிக்கத் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள்.

"அட, கிட்வாய் நகரு. ஆபீஸ்காரங்க இருக்கற எடம். இது மதராசி கேம்ப்பு. வேட்டியப் பாத்தா இங்கதான் கொண்டாந்து கொட்டுவானுங்க. போன மாசம் ஒரு ஜட்ஜய்யாவையே எறக்கிட்டானுங்க. பயப்படாத, டீ குடி."

இஞ்சி போட்ட டீ. தொண்டையை எரித்தது. விழுப்புரம் பக்கத்துக்காரி, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாளாம். அவளே வேறொரு ஆட்டோவை நிறுத்தி, இந்தியில் அவனை வைது, என்னை ஏற்றிவிட்டாள். டெல்லியில் எனக்குக் கெடுதல் எதுவும் நடக்கவில்லை. போகிற இடமெல்லாம் நல்லவர்கள்தான் அகப்பட்டார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

சேகருக்கு நாற்பது வயதிருக்கும். அப்பா திருநெல்வேலியிலிருந்து டெல்லிக்கு வந்தவர். இவன் பிறந்ததே டெல்லி. ஆனால் பேச்சில் தாமிரபரணித் தண்ணி அப்படியே இருந்தது. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் ஒன்றில் பின்பக்க அறை இரண்டில் வாடகைக்கு இருந்தான்.

"வாங்க அண்ணாச்சி. ஸ்வெட்டர் கூட இல்லாமயா வந்திய? இந்தாங்க, மொதல்ல இத மாட்டுங்க" என்று தன் நீல ஸ்வெட்டரைக் கழற்றியே கொடுத்தான்.

அவன் சம்சாரம் கோமதி தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி வைத்திருந்தாள். எனக்கு அது புதிது. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"பதினோரு வருசமா டெம்பரரி அண்ணாச்சி. இந்த மாசம் பெர்மனென்ட் லிஸ்ட்டுல பேரு வரணும். அதுக்குள்ள இந்தக் கோடு வந்து நெளியுது. இவுகதான் கல்லச் சரியா மட்டம் பண்ணலன்னு சாப் சொல்லுதாரு."

"கல்லு தப்புன்னா ஒங்களுக்குக் கஷ்டம், என் மேல தப்புன்னா எனக்குக் கஷ்டம்" என்று சேகர் சிரித்தான். "ரெண்டு பேரும் ஒரே எலையில சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம் பாருங்க."

முதல் நாள் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் ஒன்றும் செய்யவில்லை. வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே குளிரும் இல்லாமல் சூடும் இல்லாமல் வைத்திருந்தார்கள். தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, கண்ணுக்குப் பச்சைக் கண்ணாடி. என் கல் அங்கே இருந்தது. முகம் தெரிகிற கறுப்பு. ஆனால் எங்கள் மற்ற கல்லெல்லாம் நேராக இரும்பின்மேல் உட்காரும். இதற்கு அடியில் இங்கே நாலு காற்றுக் கால்களைச் செருகியிருந்தார்கள். பம்பு போட்டால் கால்களில் காற்று ஏறி, கல் சட்டத்தை விட்டு நூலளவு மேலே எழும்பி மிதக்கும். தரை அதிர்ந்தாலும் அதிர்ச்சி கல்லுக்கு ஏறாதாம். பட்டறையில் யாரும் இதைப் பார்த்ததில்லை. எங்களிடம் சொல்லவும் இல்லை.

நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். புது ஆள் உள்ளே வந்தால் கல் அந்தச் சூட்டை உணரும். அது அடங்கட்டும் என்று. இரண்டு பேர் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னவென்று சேகரிடம் கேட்டேன்.

"மதராஸ்லருந்து சாமியாரக் கூட்டியாந்திருக்கானாம். கல்லப் பாத்துத் தவம் பண்ணுதாராம். விடுங்க அண்ணாச்சி."

மத்தியானம் கேன்டீனில் சிவப்பு மொச்சை மாதிரி ஒரு பருப்பும் சோறும். பசிக்குச் சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள்தான் வைரத்தைக் காட்டினான். விரல் நகத்தில் பாதி. இலேசாகப் பழுப்பேறிய கண்ணாடித் துண்டு. பூமியில் தோண்டியது இல்லை, வாயுவைச் சூடாக்கி அடுப்பில் வளர்த்ததாம். வைரம் என்றால் எனக்கு என் சம்சாரத்தின் மூக்குத்திதான். அதுவும் கண்ணாடி. அவள் செத்த பிறகு அடகுக் கடைக்காரன் சொல்லித்தான் தெரிந்தது. அது தெரியாமலே அவள் போய்விட்டாள்.

"இதுல முடிய விட மெலிசா வாய்க்கால் வெட்டணும் அண்ணாச்சி. அதுல தண்ணி ஓடும். ராக்கெட்டு சாமானோட சூட்ட அப்படியே இழுத்துக்கிடும்."

"வெளிச்சத்துல எப்படிப்பா வைரம் வெட்டுப்படும்? கருகாதா?"

"மத்த லேசர்னா கருகும். சுத்திக் கரி புடிக்கும், கீறல் வுடும். இது அப்படி இல்ல. கண்ணு சிமிட்டுத நேரம் இருக்குல்லா, அத லட்சம் கோடியா நறுக்குங்க. அதுல ஒரு துண்டு நேரந்தான் வெளிச்சம் தொடும். சூடு பக்கத்துல பரவுததுக்கே நேரம் கெடையாது. தொட்ட எடம் மட்டும் ஆவியாப் போயிரும். அப்படித் தொட்டுத் தொட்டு எடுக்கணும்."

அவன் அதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். படிப்பு பாலிடெக்னிக்தான். ஆனால் அந்த மெஷினுக்குள் இருக்கிற ஒவ்வொரு கண்ணாடியும் அவன் கையால் துடைத்து வைத்தது.

பூதக்கண்ணாடியில் கோட்டைக் காட்டினான். புழு ஊர்ந்து போன தடம் மாதிரி நெளிந்திருந்தது.

"பக்கத்து ரோட்ல ரயிலுக்குச் சுரங்கம் தோண்டுதானுவ. அந்த அதிர்ச்சிதான்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். காத்துக் கால் இருக்கப்ப அதிர்ச்சி எப்படி ஏறும், நீ மட்டம் பண்ணினது தப்புங்காரு சாப்."

சாப் என்பது அங்கே பெரியவர். நரைத்த மீசை, நல்ல மரியாதை. என்னிடம் "நமஸ்தே பாபா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சேகரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் என் டிபன் டப்பா மூடியில் தண்ணீர் ஊற்றிக் கல்மேல் வைத்தேன். சேகர் அலறிவிட்டான்.

"தண்ணியா! சாப் பாத்தா கொன்னே போட்டுருவாரு அண்ணாச்சி."

"சும்மா இரு தம்பி. பம்பப் போடு."

கல் மிதந்தது. வெளியே சுரங்க வேலை மெஷின் உறுமியது. மூடித் தண்ணீரில் சிறு சிறு வளையம். மிதக்கிற கல்லில் அது வரக்கூடாது. மூடியை நாலு மூலைக்கும் நகர்த்தினேன். சுவர்ப் பக்கத்துப் பின்மூலையில்தான் வளையம் நெருக்கமாக வந்தது. கல் எங்கேயோ தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

அப்போது சாப் சேகரைக் கூப்பிடுவதாக ஆள் வந்தது. அவன் போனான். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்து, சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே தலையை விட்டேன்.

மஞ்சள் துணி.

எலுமிச்சம்பழம் காய்ந்து கொட்டைப்பாக்கைப் போல இறுகியிருந்தது. கொட்டைப்பாக்கு கல்லாக இருந்தது. இரண்டும் காசும் சேர்ந்து கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆப்பு மாதிரி நின்றன. தரை அதிர்ந்தால் சட்டம் அதிரும். சட்டத்திலிருந்து முடிச்சு வழியாகக் கல்லுக்கு, கல்லிலிருந்து வைரத்துக்கு. வைரத்தில் புழு.

என் கை போட்ட முடிச்சு. இழுத்தேன், வந்துவிட்டது. இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டேன். ஏன் செருகினேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். கையில் வைத்துக்கொண்டே எழுந்திருந்தால் கதை வேறு.

சேகர் திரும்பி வந்து ஒரு கோடு வெட்டினான். வெட்டி முடித்து, பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்தவன் எடுக்கவே இல்லை.

"அண்ணாச்சி... நேரா இருக்கு. நூலு புடிச்ச மாதிரி நேரா இருக்கு. என்ன செஞ்சிய?"

"கொஞ்சம் தட்டி வச்சன்" என்றேன். எழுபது வயதில் அப்படி ஒரு பொய் எனக்குத் தேவையா?

கூட்டம் கூடிவிட்டது. சாமியார் என்று சிரித்தவர்களும் கை கொடுத்தார்கள். சாப் சேகரை ஸ்டோருக்கு ஏதோ எடுத்துவர அனுப்பிவிட்டு என்னைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். முந்திரிப் பருப்பு, டீ. ஒரு குமாஸ்தா இங்கிலீஷ் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான்.

"சைன் பாபா, சைன். ஸ்டோன் குட்."

குட் என்பது எனக்குத் தெரியும். நாலெழுத்தையும் திருத்தமாகப் போட்டேன். அழகாக இருக்கிறது என்று சாப் சைகை காட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் கோமதி பாயசம் வைத்தாள். இனி லிஸ்ட்டில் பேர் வந்துவிடும் என்று. சேகர் சொல்லிச் சொல்லி மாய்ந்தான்: "ஒரே தட்டுதான் கோமதி. அண்ணாச்சி கை பட்டதும் கல்லு அடங்கிப்போச்சு." இடுப்பில் முடிச்சு உறுத்திக்கொண்டே இருந்தது. சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிட்ட பிறகு, காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் காலை வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள் கோமதி. "மறுக்கா வந்தா இங்கதான் தங்கணும், கேட்டியளா?" என்றாள். எனக்கு ரயில் மத்தியானம். ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போகலாம் என்று சேகருடன் போனேன். வாசலிலேயே அவன் கையில் கடிதம் கொடுத்தார்கள்.

படித்தான். மறுபடி படித்தான். பிறகு எனக்குச் சொன்னான், குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை.

"கல்லுல ஒரு கொறையும் கெடையாதாம். மட்டம் பண்ணின ஊழியர் தப்பாம். கல் கம்பெனி ஆளே வந்து சரி பண்ணிக் கையெழுத்தும் போட்டிருக்காராம். மாசக் கடைசியோட நான் நின்னுக்கிடணும்."

நான் இடுப்பிலிருந்து முடிச்சை எடுத்துக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்துவான் என்று நினைத்தேன். முடிச்சை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான்.

"நேத்து பாயசம் ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சியளே அண்ணாச்சி. அப்பமாவது சொல்லியிருக்கலாம்லா."

பிறகு அவனே என்னை சாபிடம் கூட்டிப்போனான். நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் இந்தியில் சொன்னான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, என்னைத் திட்ட ஒரு வார்த்தை சேர்க்கவும் இல்லை. எனக்கு இந்தி தெரியாவிட்டாலும் அது தெரிந்தது.

சாப் முடிச்சைப் பேனா முனையால் புரட்டிப் பார்த்தார். சிரித்தார். சேகர் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"நிம்பு! எலுமிச்சம்பழம்னு ஃபைல்ல எழுதச் சொல்லுதியாங்காரு. மேல இருக்கவன் என்னயப் பாத்துச் சிரிக்க மாட்டானாங்காரு."

"திரும்ப அதே எடத்துல வச்சி ஒரு கோடு கிழிச்சிப் பாக்கச் சொல்லுப்பா. நெளிஞ்சா நான் சொல்றது நெசம்."

சேகர் கேட்டான். சாப் தலையை ஆட்டினார்.

"வைரத் துண்டு வெளிநாட்டுலருந்து வந்ததாம். எலுமிச்சம்பழத்துக்காக ஒண்ண வீணாக்க முடியாதாம். நாளைக்கு விருந்தாளிக வேற வாராங்களாம். பாபா நல்ல மனுசன், ஒனக்காகப் பொய் சொல்லுதாருங்காரு. பாபாவோட கையெழுத்து இருக்கே, அது போதுமாம்."

கல் வேலையில் சந்தேகம் வந்தால் திரும்ப வைத்துப் பார்ப்போம். படிக்காத எங்களுக்கே அது தெரியும். அத்தனை படித்த மனுஷனுக்கு ஒரு கோடு கிழித்துப் பார்க்க மனசில்லை. ஆனால் அவரை மட்டும் சொல்லி என்ன? நான் முந்தின நாளே சொல்லியிருந்தால், கையெழுத்துப் போடுமுன் சொல்லியிருந்தால், அவரும் சிரித்துவிட்டு எழுதியிருப்பாரோ என்னவோ.

மேஜைமேல் கிடந்த முடிச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பூத்திலிருந்து முதலாளிக்குப் போன் போட்டேன். "கல்லு நல்ல கல்லுன்னு எழுதிக் குடுத்துட்டாங்கல்ல? வண்டி ஏறி வாய்யா. எலுமிச்சம்பழத்த எல்லாம் அங்க பேசாத" என்று வைத்துவிட்டார்.

சேகர் ஆட்டோ பிடித்துக் கொடுத்தான். "பையா, ஸ்டேஷன், ஜல்தி" என்று ஆட்டோக்காரனிடம் அவனே இந்தியில் சொன்னான். நான் ஸ்வெட்டரைக் கழற்றப் போனேன்.

"குளிரும். போட்டுக்கிட்டே போங்க" என்றான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னான்.

புளிச்சோறு மறுநாள்வரை கெடாமல் இருந்தது. நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றியிருந்தாள். என்னால் தின்னவும் முடியவில்லை, ஜன்னலுக்கு வெளியே போடவும் முடியவில்லை. நாக்பூர் தாண்டித் தின்றேன்.

பட்டறையில் முதலாளி ஆபீஸில் இப்போது ஒரு போட்டோ மாட்டியிருக்கிறார். டெல்லியிலிருந்து அனுப்பினார்கள். மேலே நெளிந்த கோடு, கீழே நேர்கோடு. வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம பெரியவரு போயி ஒரு தட்டு தட்டினாரு, வைரமே நேரா நின்னுச்சி" என்கிறார். அடுத்த நாலு கல்லுக்கும் ஆர்டர் வந்தது. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. முடிச்சுச் செருகுவதை மட்டும் நான் விட்டுவிட்டேன். கேட்டால், கை நடுங்குகிறது என்கிறேன். வேறொருவன் செருகப் போனான், அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

பங்குனியில் ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து, அதன் பையில் அந்த மஞ்சள் முடிச்சையும் வைத்து, கிட்வாய் நகர் விலாசத்துக்குப் பார்சல் அனுப்பினேன். என்றைக்காவது வேறொரு சாப் வந்தால், அவர் மேஜைமேல் சேகர் அதை வைத்துக் காட்டட்டும் என்று.

ஒரு மாதம் கழித்துப் பார்சல் திரும்பி வந்தது. மேலே என்னவோ எழுதி முத்திரை குத்தியிருந்தது. தபால்காரர் படித்துச் சொன்னார்: அந்த வீட்டில் அப்படி யாரும் இல்லையாம்.

வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொன்னார். எனக்குக் கையெழுத்துப் போட வராது என்று சொல்லிக் கட்டைவிரலை நீட்டினேன்.